அரச உத்தியோகத்தை விட்டு கமராவை நம்பிய தீன் தயாள்

விருப்பமான கலையை நம்பி உத்தியோகத்தை விடலாமா என்று எமது இளைஞர் பலர் கேட்கின்றனர். ராஜா தீன் தயாளின் வாழ்வில் அதற்குப் பதில் இருக்கிறது.

1844இல் மீரட் அருகே சர்தானாவில், ஜைனக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். ரூர்கியில் பொறியியல் கற்று, இந்தோரில் அரச பணியில் சேர்ந்தார். 1874 அளவில் புகைப்பட ஆசை பிடித்தது. சுமார் பத்தாண்டுகள் வேலையோடு சேர்த்தே அதைப் பழகினார். பின்னர் இரண்டாண்டு லீவு எடுத்து முழுநேரமாகச் செய்து பார்த்த பிறகே வேலையை விட்டார்.

ஹைதராபாத் நிஸாம் மஹ்பூப் அலீ கான் அவரை அரசவைப் புகைப்படக் கலைஞராக்கினார். ஆனாலும் அரண்மனையை மட்டும் நம்பியிராமல் செகந்தராபாத்திலும் பம்பாயிலும் ஸ்டூடியோ நடத்தினார். பர்தா பேணும் பெண்களுக்காக 1892இல் தனி ஸ்டூடியோ அமைத்து, அதைப் பெண் ஒருவரின் பொறுப்பிலேயே விட்டார்.

1905இல் காலமானார். அவரது ஆசையைத் தொழிலாக்கியது பொறுமையும், வாடிக்கையாளரின் கண்ணியத்தை மதித்த பண்புமே.