மேடை முன்னும் திரைக்குப் பின்னும்: பம்மல் சம்பந்த முதலியார்

பம்மல் சம்பந்த முதலியாரைத் தமிழ் நாடகத் தந்தை என்று சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பட்டம் பெரிதுதான், ஆனால் அதன் நிழலில் அவர் செய்த வேலை மறைந்துபோகிறது. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார், பலவற்றில் தலைமை வேடம் தாங்கினார் என்பவை எல்லோரும் அறிந்த செய்திகள். ஊதியம் என்ற பேச்சே இல்லாத ஒரு குழுவில் எழுதுபவராகவும், பயிற்றுபவராகவும், நடிப்பவராகவும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில், பகலெல்லாம் வலையோடு மல்லாடிவிட்டு இரவில் வேடம் கட்டத் துணியும் நம்மவர்க்கு, அந்த இரண்டாவது செய்தியே நெருக்கமானது.

அவர் பிறந்தது 1873 பிப்ரவரி முதல் நாள், சென்னை ஆச்சாரப்பன் வீதியில். பம்மல் என்பது பல்லாவரத்தை அடுத்த அவர்தம் முன்னோர் ஊர். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித்துறையில் பணியாற்றியவர். வீட்டில் நூல்கள் இருந்தன. ஆங்கில நாடகங்களைக் காணும் வாய்ப்பும் இருந்தது. தமிழ் நாடகத்தின்மீது மட்டும் மதிப்பு இல்லை. விடிய விடியப் பாட்டும், கதைக்குப் பொருந்தாத நகைச்சுவையும், கூத்தாடி என்ற இழிபெயரும் சேர்ந்து, படித்த குடும்பத்துப் பிள்ளைகளை அப்பக்கம் திரும்பவிடாமல் வைத்திருந்த காலம் அது. சம்பந்தரும் அவ்வாறே வெறுத்தார். தமிழ் மேடையைத் திருத்த வந்தவர் தமிழ் மேடையை வெறுத்து வளர்ந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. அவருடைய பலமும் அதில் இருக்கிறது. அவருடைய எல்லையும் அதில்தான் இருக்கிறது.

அவர் மனத்தை மாற்றியது தமிழ் நாடகம் அன்று, தெலுங்கு நாடகம். 1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லுவின் சரசவினோதினி சபையார் சென்னைக்கு வந்து விக்டோரியா பொதுமண்டபத்தில் நாடகங்கள் ஆடினர். கிருஷ்ணமாசார்லு ஒரு வழக்கறிஞர். தாமே நாடகம் எழுதி, தாமே வேடம் பூண்டு நின்றார். சமூகத்தில் மதிப்புள்ள ஒருவர், கூலிக்காக அன்றிக் கலைக்காக முகத்தில் அரிதாரம் பூசலாம் என்பதை அந்தப் பதினெட்டு வயது இளைஞர் அன்றுதான் கண்டார். ஏரியின் ஒரு கரையில் தமிழும் மறு கரையில் தெலுங்கும் கேட்டு வாழும் நமக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதாகத் தோன்றாது.

அதே ஆண்டு ஜூலை முதல் நாள் நண்பர் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கையில் நாடகம் இல்லை. ஆடத்தக்கது ஒன்றும் கிடைக்காமையால் தாமே எழுதத் தொடங்கினார். 1893இல் புஷ்பவல்லி அரங்கேறியது. 1895இல் லீலாவதி சுலோசனாவும் மனோகராவும் வந்தன. இவற்றைப் படிப்பவர் முதலில் காண்பது உரைநடையின் ஆட்சி. சங்கரதாஸ் சுவாமிகளின் மேடையில் பாட்டே கதையை நடத்திச் செல்லும். முதலியாரின் மேடையில் பாத்திரங்கள் பேசிக்கொள்வார்கள். அப்பேச்சு அச்சில் நிலைபெற்றிருந்தது. நடிகர் மேடையில் நின்று தோன்றியதைக் கூறும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. பாடம் மனப்பாடம் ஆகவேண்டும், ஒத்திகைக்கு வரவேண்டும், இரவு முழுதும் நீளாமல் சில மணி நேரத்துக்குள் நாடகம் முடியவேண்டும். இன்று எளிதாகத் தோன்றும் இவ்வொழுங்கை வழக்கறிஞர், மருத்துவர், அலுவலர், மாணவர் என்று பலவகை வேலைக்காரர்கள் மாலை நேரங்களில் கூடும் ஒரு கூட்டத்திடம் எதிர்பார்ப்பது எளிதன்று. சம்பளம் கொடுப்பவன் அதட்டலாம். சந்தா கட்டி வருபவனை அதட்ட முடியாது. சபையின் பயிற்றுநர் பொறுப்பைத் தாங்கிய முதலியார் இதற்குக் கண்ட வழி, ஆளைப் பார்த்து வேடம் எழுதுவது. யாரிடம் என்ன குரல், என்ன நடை, என்ன குறும்பு உள்ளது என்று அறிந்து அதற்கேற்பப் பாத்திரம் படைத்தார். சபாபதி என்ற நகைச்சுவை நாடகத்தின் உயிர் அங்கிருந்தே வந்தது எனலாம். தலைவனுக்கும் ஏவலனுக்கும் ஒரே பெயர், இருவர்க்கும் ஒரே அளவு மந்தபுத்தி. சிரிப்பைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

பெண் வேடங்களை ஆடவரே ஏற்ற காலம். மனோகரனாக முதலியார் நின்றபோதும், ஹாம்லெட்டின் தமிழாக்கமாகிய அமலாதித்யனில் நாயகனாக நின்றபோதும், எதிரில் நாயகியாக நின்றவர் சி. ரங்கவடிவேலு. அவரும் வழக்கறிஞர். பகலில் நீதிமன்றத்தில் சட்டம் பேசியவர் மாலையில் சேலை கட்டிப் பெண்ணாக வரும்போது அவை நம்பியது. இருவரும் பல்லாண்டுகள் இணைந்து நடித்தனர். முதலியாரின் நாடக மேடை நினைவுகள் என்னும் நூலில் அந்நண்பரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவருடைய மறைவைப் பற்றிய பகுதிகளே அந்நூலின் மிக மென்மையான பக்கங்கள் என்பது என் கருத்து. தம் புகழை எழுத உட்கார்ந்த ஒருவர், தமக்கு எதிரில் நின்றவரின் பெருமையை அவ்வளவு விரிவாக எழுதுவது அரிது.

சபை வளர்ந்தது. எஸ். சத்தியமூர்த்தியும் சி.பி. இராமசுவாமி ஐயரும் அதில் உறுப்பினர். தமிழோடு தெலுங்கு முதலிய பிற மொழி நாடகங்களும் அங்கே நடந்தன. 1911இல் சபையார் இலங்கை சென்று ஆடினர். முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் 1913இல் கொழும்பில் சுபோத விலாச சபையை நிறுவினார். தொழில்முறைக் குழுக்களும் மனோகராவை ஏற்றன. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவராயிருந்த குழுவுக்கு முதலியாரே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். 1924 முதல் 1928 வரை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார். நாடக உறவு அப்போதும் அறவில்லை.

இனி அந்த எல்லையைப் பற்றியும் சொல்லவேண்டும். கூத்தாடி என்ற இழிவைப் போக்கியவர் முதலியார் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். யாருக்குப் போக்கினார்? படித்தவர் நடித்தால் இழிவில்லை என்பதை நிறுவினார். பரம்பரையாகக் கூத்தாடியவருக்கு அந்த மதிப்பு உடனே வந்து சேரவில்லை. சுகுண விலாச சபை நகரத்துச் சபை. தெருவில் விளக்கொளியில் ஆடியவனுக்கு அதன் வாயில் திறந்திருந்ததாகச் சொல்ல முடியாது. அவர் அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, பொய்யே பேசும் அரசனைக் கொண்டு சந்திரஹரி எழுதினார். மூலக்கதையை ஊர் ஊராக உயிரோடு வைத்திருந்தவர்களோ கூத்தர்கள்.

அன்றியும், சபை முயன்று கற்ற ஒன்று கூத்தில் முன்பே இருந்தது. கூத்தில் மேடைக்கு முன், பின் என்ற பிரிவு மெலிது. தன் வேடம் முடிந்தவன் பின்பாட்டில் சேர்ந்துகொள்கிறான். வேடம் வருமுன் திரை பிடிக்க இருவர் வேண்டும். கட்டைகளையும் கிரீடத்தையும் கட்டிவிடக் கைகள் வேண்டும். கட்டியங்காரனுக்கு மறுமொழி சொல்ல வாய் வேண்டும். எல்லாம் அந்தச் சிறு குழுவே. ஏரியில் பாட்டு முறைக்குச் சீட்டுப் போட்டு எல்லாத் தலைக்கட்டுக்கும் பங்கு வைக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒழுங்கை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இவ்வாறு சொல்வதால் முதலியாரின் பெருமை குறைந்துவிடாது. நாம் அவரிடம் பெறவேண்டியது பாடத்தை மனத்தில் ஏற்றுதல், நேரத்துக்குத் தொடங்கி முடித்தல், எழுதியதை அச்சிட்டு வைத்தல் ஆகியவை. இந்தக் கடைசி ஒன்றில் ஏரிக்கரை இன்னும் கடனாளியாகவே இருக்கிறது. எத்தனையோ வாத்தியார்களின் பாடங்கள் அவரவர் நினைவோடு போயின. முதலியார் எழுதியவை நூலாக நிற்பதால்தான் இன்று அவரைப் பற்றி வாதிடவாவது முடிகிறது.

1936இல் மனோகரா திரைப்படமாயிற்று. இளமையில் மனோகரனாகச் சங்கிலியை அறுத்தவர், அறுபத்துமூன்றாம் வயதில் அப்படத்தில் தந்தை புருஷோத்தமனாக நடித்தார். 1941இல் சபாபதி திரைக்கு வந்து தமிழகத்தைச் சிரிக்க வைத்தது. 1954இல் மனோகரா மீண்டும் வந்தபோது வசனம் மு. கருணாநிதியுடையது, மனோகரன் சிவாஜி கணேசன். அதன்பின் ஊர்த் திருவிழாக்களில் இளைஞர்கள் ஒப்பித்த மனோகரனின் பேச்சு முதலியார் எழுதியது அன்று; கதையும் அந்தச் சங்கிலியும் அவருடையவை. 1959இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்முதியவர், தம் பாத்திரம் வேறொருவர் சொற்களில் நாடெங்கும் பேசுவதைக் கேட்டபடி மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1964 செப்டம்பர் 24 அன்று, தொண்ணூற்றொன்றாம் வயதில் மறைந்தார்.