கடலுக்குக் காது வைத்த விஞ்ஞானி

கிணற்றில் குனிந்து ஒரு சத்தம் போட்டால், அந்தச் சத்தம் திரும்பி வருகிறது. குழந்தைகளுக்கு அது வேடிக்கை.

அந்த எதிரொலியைக் கொண்டே, கடலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடித்துக் காட்டினார் ஒருவர். அவர்தான் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பால் லாஞ்செவின்.

துடிக்கும் கல்

லாஞ்செவின் 1872-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். எளிய குடும்பம். ஆனால் படிப்பில் கெட்டிக்காரர். 16 வயதில் பாரிசில் உள்ள பௌதிக, ரசாயனத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பியர் கியூரி. பின்னாளில் மனைவி மேரி கியூரியுடன் சேர்ந்து ரேடியத்தைக் கண்டுபிடித்தாரே, அவரேதான்.

பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்சும் 1880-ம் ஆண்டில் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். குவார்ட்ஸ் என்ற பளிங்குக் கல்லை அழுத்தினால், அதில் மின்சாரம் உண்டாகிறது! அந்தக் கல்லுக்கு மின்சாரம் கொடுத்தால், கல் விரிந்து சுருங்குகிறது என்பதையும் பிறகு காட்டினார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே அப்போது அதனால் யாருக்கும் பயன் இல்லை.

1906-ம் ஆண்டில் பியர் கியூரி குதிரை வண்டியில் சிக்கி இறந்து போனார். ஆனால் மாணவர் அந்தக் கல்லை மறக்கவில்லை.

கடலில் எமன்

1914-ம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள், எதிரிக் கப்பல்களைக் கண்ணுக்குத் தெரியாமல் வந்து தாக்கின. 1915-ம் ஆண்டு மே 7-ந் தேதி "லூசிட்டானியா" என்ற பயணிகள் கப்பலை ஒரு நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறக்குறைய 1,200 பேர் மாண்டார்கள்.

நீருக்கு அடியில் இருப்பதை எப்படிப் பார்ப்பது? கடல் நீரில் வெளிச்சம் அதிக தூரம் போகாது. ஆனால் சத்தம் போகும். காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர்!

சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டால் தூரம் தெரிந்துவிடும். 2 வினாடியில் எதிரொலி வந்தால், போக ஒரு வினாடி, வர ஒரு வினாடி. அப்படியானால் எதிரி 1,500 மீட்டர் தூரத்தில் இருக்கிறான்.

ரஷியாவைச் சேர்ந்த சிலோவ்ஸ்கி என்ற என்ஜினீயர் 1915-ம் ஆண்டில் இந்த யோசனையைப் பிரெஞ்சு அரசாங்கத்திடம் சொன்னார். பொறுப்பு லாஞ்செவினிடம் வந்தது.

சாதாரணச் சத்தம் நாலா பக்கமும் சிதறிவிடும். மனிதர் காதுக்குக் கேட்காத அளவுக்குக் கீச்சான ஒலியோ, டார்ச் விளக்கின் ஒளிபோல ஒரே பக்கம் நேராகப் போகும். அதனால் எதிரி இருக்கும் திசையும் தெரியும். ஆனால் அந்த ஒலியை உண்டாக்குவது எப்படி?

முதலில் வேறு கருவிகளைச் செய்து பார்த்தார்கள். சேன் நதியில் சோதனை நடந்தது. பிறகு தூலோன் துறைமுகத்தில் நடந்தது. 1916-ம் ஆண்டில், 200 மீட்டர் தூரத்தில் இருந்த இரும்புத் தகட்டின் எதிரொலி கேட்டது. ஆனால் போருக்கு அது போதாது.

அப்போதுதான் ஆசிரியரின் கல் கைகொடுத்தது. பாரிசில் ஒரு மூக்குக்கண்ணாடி வியாபாரியிடம் பெரிய குவார்ட்ஸ் கல் கிடைத்தது. அதைத் துண்டு போட்டு, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்தார் லாஞ்செவின். மின்சாரம் பாய்ந்ததும் கல் துடித்தது. கடலில் ஒலி பாய்ந்தது. திரும்பி வந்த எதிரொலி கல்லை அழுத்தியது. மின்சாரம் பிறந்தது. அந்த மெல்லிய மின்சாரத்தை ரேடியோ வால்வுகள் பெரிதாக்கின. ஒரே கல், வாயாகவும் இருந்தது, காதாகவும் இருந்தது!

அந்த ஒலியின் வலிமை பயங்கரமானது. அதன் வழியில் வந்த சிறு மீன்கள் செத்தன. தண்ணீரில் கையை வைத்தவர்களுக்கு வலித்தது.

1918-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நீர்மூழ்கிக் கப்பலின் எதிரொலி தெளிவாகக் கேட்டது. ஆனால் கருவி போர்முனைக்குப் போகுமுன், நவம்பரில் போர் முடிந்துவிட்டது.

சிறையில் விஞ்ஞானி

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பாரிசைப் பிடித்தது. நாஜிகளை எதிர்த்துவந்த லாஞ்செவினை 1940-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி கைது செய்து சிறையில் அடைத்தார்கள். அவருக்கு அப்போது வயது 68. பிறகு துருவா நகரில் காவலில் வைத்தார்கள்.

அதே சமயத்தில் அட்லாண்டிக் கடலில், அவர் காட்டிய வழியில் செய்த கருவிகளைக் கொண்டு, ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பிரிட்டிஷ் கப்பல்கள் தேடிக்கொண்டிருந்தன. ஆளை அடைத்தார்கள். அவருடைய அறிவை அடைக்க முடியவில்லை!

ஆனால் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. மருமகன் ஜாக் சாலமனை 1942-ம் ஆண்டில் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். மகள் ஹெலனை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 1944-ம் ஆண்டில் லாஞ்செவின் தப்பி, சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். போர் முடிந்தபோது மகள் உயிரோடு திரும்பி வந்தாள்.

1946-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி லாஞ்செவின் காலமானார். 1948-ம் ஆண்டில் அவர் உடலை, நாட்டின் பெரியோர்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு அரசாங்கம் கொண்டுசென்றது.

இன்று சிறுவர்கள் கம்ப்யூட்டரில் நீர்மூழ்கி விளையாட்டு ஆடும்போது கேட்கும் "பிங்" ஒலி, லாஞ்செவின் கடலில் அனுப்பிய ஒலியின் நிழல்தான். மீனவர்கள் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதும் அந்த முறையில்தான்.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையை டாக்டர்கள் ஸ்கேன் செய்து பார்க்கிறார்களே, அதுவும் காதுக்குக் கேட்காத ஒலியின் எதிரொலியே. எதிரியைத் தேடப் பிறந்த கருவி, இன்று பிறக்கப்போகும் குழந்தையின் முகத்தைத் தாய்க்குக் காட்டுகிறது.