சாஸ்திரியார் இல்லத்தின் வரவும் செலவும்

ரயில்வேயில் எழுத்தர் பணி பார்க்கும் நமக்கு லால் பகதூர் சாஸ்திரி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அரியலூர் விபத்துதான். 1956ஆம் ஆண்டு நவம்பர் மாத வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் மாண்டனர். ரயில்வே மந்திரியாயிருந்த சாஸ்திரியார் பொறுப்பேற்று ராஜினாமாச் செய்தார். இது நாடறிந்த செய்தி. அவருடைய வீட்டுக் கணக்கை அறிந்தவர் குறைவு. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஊசலாடும் நம் காலனிக் குடும்பங்களுக்கு அக்கணக்கே சுவையானது என்றெண்ணி இங்கே எழுத முற்பட்டோம்.

அவர் பிறந்தது 1904 அக்டோபர் 2 அன்று, காசிக்கருகே முகல்சராயில். நாமெல்லாம் வண்டி மாறிய பெரிய சந்திப்பு. 2018இல் பெயர் மாறிவிட்டது. தந்தையார் ஆசிரியராயிருந்து பின்னர் எழுத்தரானவர். மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே காலமானார். தாயார் ராம்துலாரி தேவி பிறந்தகத்தில் தங்கிப் பிள்ளைகளை வளர்த்தார். ஆகவே சிக்கனம் என்பது சாஸ்திரியார் பின்னாளில் மேற்கொண்ட விரதமன்று. வேறு வழி தெரியாத பழக்கம். 1928இல் லலிதா தேவியை மணந்தபோது வரதட்சணையாக அவர் ஏற்றவை ஓர் இராட்டையும் சில கெஜம் கதரும் மட்டுமே.

லாலா லஜபதிராய் தோற்றுவித்த மக்கள் ஊழியர் சங்கத்தில் அவர் ஆயுள் உறுப்பினர். குடும்பம் நடந்தது அச்சங்கம் அளித்த உதவித் தொகையில். சிறை சென்று மீண்டு கொண்டிருந்த அந்நாட்களில் மாதம் 50 ரூபாய் வந்தது. 40 ரூபாயில் குடும்பத்தை நடத்தி 10 ரூபாயை லலிதா அம்மையார் மிச்சம் பிடிப்பதை ஒரு முறை சாஸ்திரியார் அறிந்தார். உடனே, இனி 40 ரூபாயே போதும் என்று சங்கத்துக்குத் தெரிவித்துவிட்டார்! இதை வாசிக்கும் நம் இல்லத்தரசிகள் முகம் சுளிக்கக் கூடும். நாமும் இவ்விடத்தில் சற்றுத் தயங்கவே செய்கிறோம். அடுப்படியில் நின்று பத்து ரூபாயைச் சேர்த்தவர் அம்மையார்; அதை விட்டுக்கொடுத்த பெருமை கணவருக்கு. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இக்கணக்கைப் பெரும்பாலும் ஒரு பெயரிலேயே வரவு வைத்துவிடுகின்றனர்.

1963இல் காமராஜர் திட்டத்தின்படி அவர் உள்துறை மந்திரி பதவியை விட்டிறங்கினார். மந்திரிச் சம்பளம் நின்றது. பார்லிமெண்ட் உறுப்பினர் ஊதியமே மிஞ்சியது. சாஸ்திரியார் செய்த முதற்காரியம் தம் தட்டில் கை வைத்ததுதான். இரண்டு கறிகள் இருந்த இடத்தில் ஒரு கறியாயிற்று. மின்சாரக் கட்டணத்தை இனித் தாமே செலுத்த வேண்டுமென்பதால் ஆளிருக்கும் அறையில் மட்டுமே விளக்கு எரிந்தது. அவருடன் பணியாற்றிய பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இவற்றைப் பதிவு செய்துள்ளார். வரவைப் பெருக்கப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதவும் தொடங்கினார். செலவைக் குறைப்பதுடன் நின்றுவிடாமல் வரவுக்கும் வழி தேடினாரே, அதையும் நாம் கவனிக்க வேண்டும்.

1964 ஜூன் மாதம் அவர் பிரதமரானார். மறு ஆண்டு போரும் பஞ்சமும் நாட்டை வாட்டின; அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம் அது. வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களைக் கேட்குமுன், தம் வீட்டில் பிள்ளைகள் பசி தாங்குவார்களா என்று சோதித்துப் பார்த்த பின்னரே கேட்டார்.

பிரதமரான பின்புதான் குடும்பத்துக்கென ஒரு பியட் கார் வாங்கப்பட்டது. விலை 12,000 ரூபாய். வங்கியிலிருந்த சேமிப்பு 7,000. மீதி 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். கடன் தீருமுன், 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் காலமானார். நிலுவையைத் தம் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து லலிதா அம்மையார் அடைத்தார். அந்தக் கார் டில்லியில் அவரது நினைவில்லத்தில் வைக்கப்பட்டுள்ளது.