இரவல் ராக்கெட்



எங்க குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதல் வருஷம் சீனியர் அண்ணனிடம் மினி டிராஃப்டரை இரவல் வாங்கித்தான் டிராயிங் போட்டேன். கேட்கவே கூச்சமா இருக்கும். அந்தக் கூச்சத்தைப் போக்கியது டாக்டர் விக்ரம் சாராபாயின் வாழ்க்கை.

1919 ஆகஸ்டு 12-ல் அகமதாபாத்தில் ஆலை அதிபர் வீட்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். தனக்காக யாரிடமும் கையேந்தத் தேவையில்லாத அவர், நாட்டுக்காகக் கேட்டார். 1962-ல் அரசு அமைத்த விண்வெளி ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவரானபோது நம்மிடம் ராக்கெட் இல்லை. ஆனா பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமம் இருந்தது. மேல்வளிமண்டலத்தை ஆராய அருமையான இடம். இடம் நம்முடையது, 1963 நவம்பர் 21-ல் பறந்த ராக்கெட் அமெரிக்காவுடையது, அதிலிருந்த கருவி பிரான்ஸ் தந்தது. ரஷ்யாவும் கைகொடுத்தது. அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்தவர்களில் நம்ம ராமேஸ்வரம் அப்துல் கலாமும் ஒருவர்.

இரவலோடு நின்றுவிடவில்லை. 1967-லேயே நாமே செய்த ரோகிணி ராக்கெட் பறந்தது. 1968-ல் தும்பா, எல்லா நாட்டு விஞ்ஞானிகளுக்கும் பயன்பட ஐ.நா.வுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

1971 டிசம்பர் 30-ல் கோவளத்தில் சாராபாய் காலமானார். வயது 52தான். 1975-ல் ரஷ்ய ராக்கெட்டில் ஏறிய ஆரியபட்டாவை அவர் பார்க்கவில்லை. 1980-ல் நம் சொந்த ராக்கெட்டே செயற்கைக்கோளைச் சுமந்ததையும் பார்க்கவில்லை.

கேட்டு வாங்குவது கேவலம் இல்லை. வாங்கியதில் கற்றுக்கொள்ளாமல் விடுவதுதான் கேவலம். இப்போ என்னிடம் சொந்த டிராஃப்டர் இருக்கு. ஜூனியர் தம்பிகளே, கூச்சப்படாம கேளுங்க!