தமிழ்க் கல்விக்கு முதல் கதவைத் திறந்த பாதிரியார் ஹட்சிங்ஸ்

மலேசியாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816-ஆம் ஆண்டு என்று கணக்கிடப்படுகிறது. அதன் 200 ஆண்டு நிறைவு 2016-இல் நாடு முழுவதும் கொண்டாடப்பட்டது. அந்தத் தொடக்கத்துக்கு வழி செய்தவர் தமிழர் அல்லர். இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் அவர்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் பதித்து முப்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. துறைமுகத்தில் மலாய்க்காரர்கள், சீனர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர்கள், தமிழ்க் கூலியாட்கள், யுரேசியர்கள் என எல்லா இனத்தவரும் கலந்து வாழ்ந்தார்கள். ஆனால் அவர்களின் பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து படிக்க ஒரு பள்ளி இல்லை.

1814-இல் கம்பெனியின் மதகுருவாக நியமிக்கப்பட்ட ஹட்சிங்ஸ் இந்தக் குறையைக் கண்டார். அடுத்த ஆண்டே பள்ளி ஒன்றுக்கான திட்டத்தை அரசாங்கத்திடம் கொடுத்தார். குழு அமைந்தது. கம்பெனியும் உதவியது, ஊர் மக்களும் நன்கொடை தந்தார்கள். 1816 அக்டோபர் 21-ஆம் நாள், லவ் லேனில் ஒரு வாடகை வீட்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கியது.

பெயரில் உள்ள 'ஃபிரீ' என்ற சொல்லைப் பலர் இலவசம் என்று மட்டுமே புரிந்துகொள்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. வசதி உள்ளவர்கள் கட்டணம் செலுத்தினார்கள். இனம், மதம் பாராமல் யாருக்கும் கதவு திறந்திருக்கும் என்பதே அந்தச் சொல்லின் முதன்மைப் பொருள்.

ஆங்கிலத்தில் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுத் தருவது, வயது வந்ததும் கைத்தொழில் பழக்குவது ஆகியவை திட்டத்தில் இருந்தன. பெற்றோரின் மத நம்பிக்கையைப் புண்படுத்தக் கூடாது என்பதிலும் கவனம் இருந்தது. திட்டம் போட்டவரே ஒரு பாதிரியார் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். 1817-இல் பெண் பிள்ளைகளுக்கும் கல்வி தொடங்கியது.

அக்காலக் கல்விச் சிந்தனைக்குத் தமிழ் மண்ணும் பங்களித்திருக்கிறது. சென்னை எழும்பூரின் அனாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுத் தரும் 'மெட்ராஸ் முறை' அங்கிருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது. பெல் எப்படிக் கற்பிப்பது என்று யோசித்தார். ஹட்சிங்ஸ் யாரையெல்லாம் உள்ளே சேர்ப்பது என்று யோசித்தார்.

அந்த யோசனையின் ஒரு பகுதிதான் ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பு. ஆனால் போதிய ஆதரவு கிடைக்காததால் அது நீடிக்கவில்லை. ஒரு வகுப்பைத் திறந்து வைப்பவர் வெளியாராக இருக்கலாம். அதை நிலைக்க வைக்கச் சமூகம்தான் வர வேண்டும் என்பதை அந்தத் தோல்வி காட்டியது. பிற்காலத்தில் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் வேரூன்றியதற்குத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் தந்த உழைப்பே காரணம். இன்று பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன.

ஹட்சிங்ஸின் பணி பள்ளியோடு முடியவில்லை. மலாய் மொழியை நன்கு கற்ற அவர், டச்சுக்காரர் காலத்து மலாய் விவிலியத்தில் இருந்த பிழைகளைத் திருத்தும் பணியை ஏற்றார். 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எழுவதற்கும் அவர் முயற்சி துணை நின்றது.

1827 ஏப்ரலில் பினாங்கிலேயே அவர் காலமானார். பிரான்சிஸ் லைட் உறங்கும் அதே பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தொடங்கிய பள்ளியில் பின்னர் துங்கு அப்துல் ரஹ்மானும் பி.ரம்லியும், கொள்ளை நோயை எதிர்த்துப் போராடிய டாக்டர் வு லியென் தேயும் படித்தார்கள். 1928-இல் பள்ளி கிரீன் லேனுக்கு மாறியது. ஃபார்குவார் சாலையில் அது விட்டுச் சென்ற கட்டடம் பின்னாளில் ஹட்சிங்ஸ் பெயரில் ஒரு பள்ளிக்கு இடம் தந்தது. அதன் பிறகு மாநில அருங்காட்சியகமானது. அதன் பக்கத்திலேயே அவரது தேவாலயமும் நிற்கிறது. ஜார்ஜ்டவுனுக்குப் பிள்ளைகளைச் சுற்றிப் பார்க்க அழைத்துச் செல்லும் பெற்றோர், தமிழ் வகுப்பின் கதையையும் அங்கே சொல்லலாம்.