மாணவன் என்ற பெயரில் மறைந்திருந்த அறிஞர் காசெட்

புள்ளியியல் பயில்வோர் யாவரும் 'ஸ்டூடண்ட்' என்னும் பெயரை அறிவர். மாணவன் எனப் பொருள்படும் அப்புனைபெயருக்குரியவர் வில்லியம் சீலி காசெட் என்பதை அறிந்தோர் சிலரே. 1876-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் காண்டர்பரி நகரில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்ற அன்னார், 1899-இல் டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையில் பணியேற்றார். பேராசிரியர் பதவி எதனையும் அவர் வகித்தாரில்லை.

வாற்கோதுமை முதலியவற்றின் தரமறிய அவருக்குக் கிடைத்தவை ஒரு சில சோதனை முடிவுகளே. அந்நாளைய சூத்திரங்களோ ஏராளமான அளவுகளுக்கென அமைந்தவை. சிலவற்றின் சராசரியை எவ்வளவு நம்பலாம்? நான்கு தேர்வுகளைக் கொண்டு ஒரு பிள்ளையின் திறனை முடிவு கட்டிவிடும் ஆசிரியர்களாகிய நமக்கும் உரிய வினா இது. 1906-இல் இலண்டன் சென்று, கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ ஓராண்டு தங்கி இதனை ஆராய்ந்தார்.

கணித வழியில் விடை காணுமுன் அவர் செய்த சோதனை வியப்புக்குரியது. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் எழுதிய அட்டைகளை நன்கு கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளை அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிட்டார். தாம் வகுத்த சூத்திரத்தோடு அம்முடிவுகள் பெரிதும் ஒத்திருக்கக் கண்டார். இன்று கணிப்பொறியில் பாவனை நிகழ்ச்சிகளை ஓட்டிப் பார்ப்பதற்கு இது முன்னோடி எனலாம். 1908-இல் 'பயோமெட்ரிகா' இதழில் கட்டுரை வெளிவந்தது. ஊழியர் தம் சொந்தப் பெயரில் எழுதுவதை ஆலை ஏற்காமையால் புனைபெயர் பூண்டார்.

வங்கியொன்றில் மக்கள் காத்திருக்கும் நேரத்தைக் கணிப்பொறியில் நான்கு முறை தனித்தனியே ஓட்டிப் பார்ப்பதாகக் கொள்வோம். நான்கு சராசரிகளின் திட்ட விலக்கத்தை 4-இன் வர்க்கமூலத்தால் வகுத்து, 3.182-ஆல் பெருக்கி, பொதுச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் பெறுவதே 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி. (இவ்விடைவெளிக் கொள்கையை 1930-களில் வகுத்தவர் நேமன்.) பெரிய மாதிரிக்குரிய 1.96-ஐ ஈண்டு கையாண்டால், 95 என நாம் நம்புவது உண்மையில் ஏறத்தாழ 85 விழுக்காடாகவே இருக்கும். ஒரே ஓட்டத்தில் அடுத்தடுத்து வருவோரின் நேரங்களைத் தனித்தனிச் சான்றுகளாகக் கொள்ளுதலும் தவறு. முன்னவர் தாமதம் பின்னவரையும் பற்றும். தற்செயலாக எடுக்கப்படாத மாதிரிகளைப் பற்றி 1909-லேயே காசெட் தனிக் கட்டுரை வரைந்தார்.

அவருடைய சூத்திரத்திற்கு முழுமையான நிறுவலை அளித்தவர் ஃபிஷர். 1935-இல் இலண்டனில் அமைந்த புதிய ஆலைக்குச் சென்ற காசெட், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் காலமானார்.