கோவையில் கலந்த மகரந்தம்: கரும்பு விஞ்ஞானி டி.எஸ். வெங்கட்ராமன்

வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் கரும்பு போட்டிருக்கும் உங்களிடம் என்ன ரகம் என்று கேட்டால், பெரும்பாலும் கோ 86032 என்றுதான் பதில் வரும். அந்த 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கிறது. அந்த இரண்டு எழுத்தை உலகத்தின் கரும்பு வயல்களில் எல்லாம் நட்டவர்களில் முதன்மையானவர், 1884-ல் பிறந்து 1963-ல் மறைந்த டி.எஸ். வெங்கட்ராமன்.

அவர் வேலைக்கு வந்த காலத்து நிலைமையை நினைத்துப் பாருங்கள். கரும்பின் தாயகங்களில் ஒன்று நம் நாடு. ஆனால் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பஞ்சாபிலும் பீகாரிலும் விளைந்த கரும்பு விரல் பருமன்தான். குளிரைத் தாங்கும், எடை நிற்காது. நம் தெற்கத்திப் பருத்த கரும்பை வடக்கே கொண்டுபோனால் குளிரில் அடிபட்டது. இரண்டையும் கலக்கலாம் என்றால், வடக்கே கரும்பு பூப்பதே அபூர்வம். பூத்தாலும் விதை பிடிக்காது. கோவையில் நன்றாகப் பூக்கிறது, விதையும் பிடிக்கிறது. அதனால்தான் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்தது. தலைமை வகித்தவர் சி.ஏ. பார்பர் என்ற ஆங்கிலேயர். அவருக்கு உதவியாளர் வெங்கட்ராமன்.

நீங்கள் கரணை நட்டுத்தான் பழகியிருப்பீர்கள். கரணையில் வருவது தாயின் அச்சு. புது ரகம் வேண்டுமானால் பூவிலிருந்து வரும் விதைதான் வழி. அந்த விதை பஞ்சு போல இருக்கும், ஊதினால் பறக்கும். தட்டுகளில் தூவி முளைக்க வைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளை நட்டு, ஒன்றிரண்டைத் தேற வைக்க வருடக்கணக்கில் பொறுமை வேண்டும்.

முதல் வெற்றிக்கு அப்பனாக இருந்தது வரப்போரப் பேய்க்கரும்பு! நாம் வெட்டி எறியும் அந்தப் புல்லின் மகரந்தத்தை 'வெள்ளை' என்ற பருத்த கரும்போடு சேர்த்ததில் பிறந்தது கோ 205. 1918-ல் பஞ்சாபுக்குக் கொடுக்கப்பட்டது. அங்கிருந்த நாட்டு ரகங்களைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதல் விளைச்சல் தந்தது. காட்டுப் புல்லைப் போய்ச் சர்க்கரைக்குச் சேர்ப்பதா என்ற தயக்கத்துக்கு வயலே பதில் சொல்லிவிட்டது. பார்பர் ஓய்வு பெற்ற பின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது.

இனி வருவதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். வட இந்தியாவின் சுன்னி என்ற மெல்லிய கரும்பை ஜாவாவில் இருந்த டச்சுக்காரர்கள் முன்பே எடுத்துப்போய், தங்கள் கருப்புச் செரிபோன் கரும்போடு கலந்து பி.ஓ.ஜே. 213 என்ற ரகத்தை உருவாக்கியிருந்தார்கள். அந்த ரகம் கோவைக்குத் திரும்பி வந்தது. அதைக் கன்சார் என்ற நம் கரும்போடு சேர்த்ததில் கோ 213 கிடைத்து, பீகாரெங்கும் பரவியது. அதே பி.ஓ.ஜே. 213-ஐக் கோ 206 உடன் சேர்த்ததில் வந்த கோ 281, அமெரிக்காவின் லூசியானாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. சர்க்கரைச் சந்தையில் ஜாவா நமக்குப் போட்டியாளர். விதைத் தட்டிலோ சம்பந்தி!

நம் தென்னாட்டு வயல்களை நிரப்பிய கோ 419-ம் அப்படித்தான். தாய் ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878, தந்தை கோ 290. இன்னொரு பக்கம், கோவையில் கோ 421-ஐயும் கோ 312-ஐயும் சேர்த்து எடுத்த பஞ்சு விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு 1945-ல் வெளிவந்த என்.கோ. 310 பிற்பாடு தைவான் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. பெயரில் 'என்' நேட்டாலுக்கு, 'கோ' கோவைக்கு.

வெங்கட்ராமன் துணிச்சல்காரர். கரும்பின் வயதைக் குறைக்க முடியுமா என்று பார்க்க, ஜாவாக் கரும்போடு நம் பெரிய மஞ்சள் சோளத்தைச் சேர்த்தார். மூங்கிலோடும் சேர்த்துப் பார்த்தார். உலக விஞ்ஞானிகள் வியந்தார்கள். ஆனால் அவை விவசாயியின் வயலில் நிலைக்கவில்லை. 1937-ல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். ஆங்கில அரசு 'சர்' பட்டம் தந்தது. சுதந்திர இந்தியா 1956-ல் பத்ம பூஷண் தந்தது.

வெற்றியோடு ஆபத்தும் வந்தது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் திரும்பிய இடமெல்லாம் கோ 213 நின்றபோது, 1930-களின் கடைசியில் செவ்வழுகல் நோய் புகுந்து அதை வாரிக்கொண்டு போனது. தமிழ்நாட்டில் கோ.சி. 671-க்கும் அதே நோய்தான் எமனானது. தோகை மஞ்சளாகிக் காயும் கரும்பை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்பும், நடுநடுவே வெள்ளைத் திட்டும், புளித்த வாடையும் இருந்தால் தூரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்த வயலிலிருந்து ஒரு கரணைகூட எடுக்காதீர்கள், கட்டைக் கரும்பும் விடாதீர்கள்.

நோயைத் தாங்கும் குணத்தைத் தேடி விஞ்ஞானிகள் இன்றும் போவது பேய்க்கரும்பு போன்ற காட்டு இனங்களிடம்தான். அவற்றையும் பல நாட்டுக் கரும்புகளையும் காப்பாற்ற, வெங்கட்ராமன் இருந்தபோதே 1961-ல் கேரளத்தின் கண்ணூரில் கோவை நிலையத்தின் கிளை தொடங்கியது. இப்படி உலகக் கரும்புச் சேகரிப்பு உள்ள இடங்கள் இரண்டே. மற்றொன்று அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கிறது.

உங்கள் கோ 86032-க்கு வருவோம். அதன் பெற்றோர் கோ 62198-ம், அதே கோ.சி. 671-ம். கோ.சி. 671-ன் பெற்றோரில் ஒன்று ஆஸ்திரேலியாவின் க்யூ 63. மற்றொன்றான கோ 775-ன் வழியாக ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878-ம் அதற்குள் இருக்கிறது.